இடிப்பதற்காகக் கட்டிய வீடு

மந்தாரக்குப்பத்தின் ஓரத்தில், சுரங்கத்துக்குச் சொந்தமான நிலத்தில் இருக்கிறது எங்கள் குடிசை வரிசை. எங்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்பார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் ஒரு படக்குழு வந்து, கேமரா முன்னால் இடிப்பதற்காகவே வரிசையின் கடைசியில் புதுத் தகரத்தில் ஒரு வீடு கட்டியது. ஜேசிபி அதை நெருங்கியதும், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எங்கள் பெண்கள் பழக்க தோஷத்தில் ஓடிப்போய் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். முன்பு நிஜமாகவே இடிக்க வந்த அதே ஓட்டுநர்தான். அவரும் பழக்க தோஷத்தில் இன்ஜினை நிறுத்தினார்.

"அம்மா, இது சினிமா! எழுந்திருங்க!" என்று கத்தினார் இயக்குநர்.

"சினிமான்னா வூட்ட இடிச்சிடலாமாங்க? நல்ல தகரம்!" என்றாள் என் அம்மா, நகராமல்.

அவர் சிரித்துவிட்டார். அவர்கள் உட்கார்ந்திருந்ததையே படம் பிடித்துக்கொண்டு கிளம்பினார்.

படம் இன்னும் வெளிவரவில்லை. அந்த வீட்டில் என் தங்கை பால் காய்ச்சிவிட்டாள்.