நான் வேண்டாமென்ற இன்சூரன்ஸ்

மலேசியா முருகனைப் பார்க்கப் போகலாமா என்று எங்கள் சோமனூர் கோயிலில் பூக்கேட்டோம். வெள்ளையும் சிவப்புமாகக் கட்டிப் போட்ட பொட்டலங்களில் ஒன்றை எடுத்துப் பிரித்தால் வெள்ளைப்பூ வந்தது. உத்தரவு கிடைத்துவிட்டது.

டூர்க்காரர், "டிராவல் இன்சூரன்ஸ் போட்டுக்குங்க அக்கா" என்றார்.

"சாமியே போகச் சொல்லியாச்சு. அப்புறம் அது எதுக்குங்க?" என்று மறுத்துவிட்டேன்.

அங்கே கோயில் படியில் வழுக்கி, என் வீட்டுக்காரருக்குக் கால் எலும்பு முறிந்தது. ஆபரேஷனுக்கு முதலில் பணம் கட்டச் சொன்னார்கள். தங்க வளையல்களைக் கழற்றி டூர்க்காரரிடம் ஈடாகக் கொடுத்து, பணத்தைக் கட்டச் சொன்னேன்.

எங்களுக்குப் பூப்போட்ட பூசாரியும் கூட வந்திருந்தார். "நீங்க இன்சூரன்ஸ் போட்டிருக்கீங்களா சாமி?" என்றேன்.

"போட்டிருக்கேனுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்களுக்கே நம்பிக்கை இல்லீங்களா?"

"போகலாமான்னுதானுங்க அம்மணி கேட்டோம். படி வழுக்குமான்னு கேக்கலீங்களே!"

என் வீட்டுக்காரர் இப்போது நடக்கிறார். வெளிநாடு கிளம்புகிறவர்களிடம் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்கிறேன். ஆனாலும் விளக்கேற்றும்போதெல்லாம் குழப்பம் வருகிறது. அன்று நான் மறுத்தது முருகன்மேல் வைத்த நம்பிக்கையாலா, அந்தச் சின்னத் தொகையைக் கொடுக்க மனம் வராததாலா?

அவனுக்குத் தெரியும். எனக்குத்தான் இன்னும் தெரியவில்லை.