கையில் குழந்தை வைத்திருந்தவர்

பிள்ளைகளே, நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். குளச்சலில் வள்ளத்தில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறேன். ஆனாலும் ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்குப் பாடத்தில் உதவ எனக்கு ரொம்ப ஆசை. அந்த ஆசையில் ஒரு பிழை செய்தேன்.

பழங்காலக் கிரேக்க நாட்டு மண்ஜாடி ஒன்றின் படத்தையும், அந்த நாட்டுத் தெய்வங்களைப் பற்றிய ஒரு தாளையும் அவளுடைய டீச்சர் கொடுத்திருந்தார். கறுப்பு நிறத்தின் மேல் செம்மண் நிறத்தில் ஒரு ஆள். அவர் யார் என்று கண்டுபிடித்து வகுப்பில் பேச வேண்டும்.

"அப்பா, இது யாருன்னு தெரியுமா?"

அந்த ஆளின் கையில் ஒரு கைக்குழந்தை. எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் புனிதர்களின் சிலைகளை முகம் பார்த்தா அறிகிறோம்? சாவி இருந்தால் இராயப்பர். உடம்பில் அம்பு இருந்தால் செபஸ்தியார். கையில் குழந்தை என்றால் அந்தோணியார்.

"அந்தோணியாரேதான் மக்கா. சந்தேகமே வேண்டாம்."

அவள் அதை நம்பி, அப்படியே போய்ப் பேசிவிட்டாள். சாயங்காலம் வந்து பையை வீசினாள்.

"'ஏட்டி, கிரேக்கத்துலயும் அந்தோணியாருக்கு நேர்ச்சை ரொட்டி குடுப்பாவளா'ன்னு கேட்டு வகுப்புல சிரிக்காவ. நாளைக்குத் திரும்பப் பேசணுமாம். நான் போவ மாட்டேன். இனி ஒங்ககிட்ட ஒண்ணும் கேக்கவும் மாட்டேன்."

அந்தோணியாருக்கு வேண்டிக்கொண்டு ரொட்டி கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். ஊர் சிரித்தால் எனக்கு ஒன்றுமில்லை. அவள் இனி கேட்கமாட்டேன் என்றதுதான் தாங்கவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"தப்பு எனக்க மேலதான் மக்கா. பிள்ளையைப் பாத்ததும் மத்தது ஒண்ணையும் நான் பாக்கல்ல. சூசையப்பருக்க கையிலயும் பிள்ளை உண்டே! அதுகூட ஓர்மை வரல்ல."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பிறகு விரலை மெல்லப் படத்தின் மேல் வைத்தாள்.

"செருப்புல செறகு இருக்கு. கம்புல ரெண்டு பாம்பு சுத்தியிருக்கு. தொப்பியும் உண்டு."

டீச்சர் தந்த தாளில் அவளே தேடிக் கண்டுபிடித்தாள். அவர் ஹெர்மிஸ், தெய்வங்களுக்குச் சேதி கொண்டுபோகிறவர். கையில் இருந்தது டயோனிசஸ் என்ற குழந்தைத் தெய்வம். அதை வளர்ப்பவர்களிடம் பத்திரமாகச் சேர்க்கப் போகிறாராம்.

மறுநாள் பள்ளிக்கூடம் போனாள். அன்று வலையில் என்ன பட்டது என்றே எனக்கு நினைவில்லை. சாயங்காலம் வாசலிலேயே கேட்டேன்.

"என்னாச்சு மக்கா?"

"எங்க அப்பாவுக்கு ஏன் அந்தோணியார்னு தோணிச்சுன்னு மொதல்ல சொன்னேன். அப்புறம் செருப்பையும் கம்பையும் காட்டினேன்."

"சிரிச்சாவளா?"

"சிரிச்சாவ. நானும்தான் சிரிச்சேன்."

சொல்லிவிட்டு, டீச்சர் புதிதாகத் தந்த இன்னொரு ஜாடியின் படத்தை என் மடியில் வைத்தாள்.

"யாருன்னு சொல்லாதீங்க. என்னெல்லாம் இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

ஒரு தாடிக்காரர். ஒரு கையில் மீன், மறு கையில் மூன்று முனை ஈட்டி. அவர் போசைடன் என்ற கடல் தெய்வம் என்பது பிறகுதான் தெரிந்தது. நம்ம கடப்புறத்து ஆளேதான் என்று சொல்ல வாய் துடித்தது. அடக்கிக்கொண்டு, "தாடி இருக்கு," என்று தொடங்கினேன்.