பாதுகாப்பு போட்ட மறுநாள்

மகளின் லேப்டாப்பை ஆன் செய்தால் கம்பெனிச் சின்னம் வரும், கீழே புள்ளிகள் சுற்றும், அடுத்த நொடி நீலத் திரை. தானாக அணைந்து மறுபடியும் முதலிலிருந்து. அந்த லேப்டாப்பில்தான் அவளுடைய கடைசி வருட ப்ராஜெக்ட் இருந்தது. மறுநாள் கல்லூரியில் காட்ட வேண்டும். வேறெங்கும் பிரதி இல்லை.

முந்தின நாள் திரையோரத்தில் மஞ்சள் முக்கோணத்தைப் பார்த்தது நான்தான். மெமரி பாதுகாப்பு அணைந்திருக்கிறது என்று அதில் இருந்தது. மெமரி என்றால் போட்டோ, பாட்டு, பைல் எல்லாம் என்றுதான் நினைத்தேன். போட்டு வை, போட்டு வை என்று நச்சரித்தேன். என் வாயை மூடுவதற்காகவே அவள் போட்டாள்.

கள்ளக்குறிச்சியில் எங்களுக்குப் பழக்கமான கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடைக்கார பாய் பார்த்துவிட்டு, "பார்மட் அடிச்சா சரியாப்பூடும்கா" என்றார்.

"உள்ள இருக்கறது?"

"அது போயிடும்."

மகள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இரும்மா, புடுங்காத. கடைசியா இன்னா பண்ணீங்க, அத சொல்லுங்க."

சொன்னேன். பாய் தலையாட்டினார். "அது போட்டோவ காக்கறது இல்லக்கா. வாசல்ல ஆள நிறுத்தி, கண்டவன உள்ள உடாத பாத்துக்கறது. உள்ள பழைய ஆளு எவனோ இருக்கான். ரெண்டு பேரும் அடிச்சிக்கினு வூட்டையே இழுத்து மூடிடறாங்க."

அத்தியாவசியமானதை மட்டும் வைத்துத் திறக்கிற சேஃப் மோடில் நுழைந்து அந்தப் பாதுகாப்பை அணைத்தார். பிறகு எதையோ தேடிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கைரேகை மிஷின் எதனா இதுல மாட்னீங்களா?"

மாட்டியிருந்தேன். நான் இ-சேவை மையம் நடத்துகிறேன். கரியாலூர் பக்கம் மலைக்காரர்களுக்கு ரேகை பதியப் போனபோது மகளின் லேப்டாப்பைத்தான் வாங்கிப் போனேன். பழைய மிஷினுக்கான சாப்ட்வேர் அப்போது ஏறியது.

"திருடனையும் நீதான் உள்ள உட்ட, போலீஸையும் நீதான் இட்டாந்த" என்றாள் மகள். பாய் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

பாய் லேப்டாப்பை மறுபடி ஆன் செய்தார். நீலத் திரை வரவில்லை, ப்ராஜெக்ட் திறந்தது. மகள் கடைசிப் பக்கம் வரை தள்ளிப் பார்த்தாள். பென் டிரைவில் ஏற்றி, அதைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். பாய் ரேகை சாப்ட்வேரை நீக்கினார்.

"இப்ப பாதுகாப்ப திரும்பப் போடலாம்கா. ஒண்ணும் ஆவாது. போடட்டா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மகளைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக அவளுக்கு எல்லாவற்றையும் நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"போடுங்க பாய்" என்றாள் மகள்.

திரை இருண்டது. சின்னம் வந்தது. புள்ளிகள் சுற்ற ஆரம்பித்ததும் நான் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வந்துடுச்சும்மா, இந்தாண்ட திரும்பு" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பினேன்.