எண் தேய்ந்த துப்பாக்கி

உப்புத்தாள் இரும்பில் ஓடும்போது ஒரு சத்தம் வரும். பல்லைக் கூசவைத்து, காதுக்குள் மணலாய் இறங்கும் சத்தம். அறுபதுகளின் கடைசியில், ஒரு தேர்தலுக்கு முந்திய மூன்று பகலும் குன்றக்குடிக்குப் பக்கத்து எங்கள் வீட்டில் அந்தச் சத்தம்தான்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். எங்கள் குடும்பத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி பெரியப்பா பேரில் இருந்தது. காட்டுப்பன்றிக்கென்று வாங்கியது, பன்றிகளைவிடப் பங்காளிகளைத்தான் அதிகம் மிரட்டியது. "துருவோட கொண்டுபோயி வச்சா மானம் போயிரும், தொடச்சுக் கொண்டாடா" என்று அப்பாவிடம் கொடுத்தார். அண்ணன் சொன்ன வேலையாயிற்றே, அப்பா துடைப்பதோடு நிற்கவில்லை. சீமெண்ணெய் தடவி, உப்புத்தாள் போட்டு, 'கட்டை' என்கிற மரப்பிடிக்கு வார்னிஷ் பூசி, குழலைக் கண்ணாடியாக்கினார். மறுமுனையைப் பிடித்திருந்தவள் நான். ஒன்பது வயது, உள்ளங்கையெல்லாம் கறுப்பு. அம்மா எட்டிப் பார்த்து, "போதும், இரும்பே கரைஞ்சுரப் போகுது" என்றாள். "நீ ஒலையப் பாருடி" என்றார் அப்பா.

ஸ்டேஷனில் ஏட்டு குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். லைசென்ஸ் புத்தகத்தில் எண் இருந்தது, குழலில் இல்லை. எண் இல்லாத துப்பாக்கிக்கு யார் சொந்தக்காரர்? உள்ளே போனது திரும்பி வரவேயில்லை.

பெரியப்பா வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். "நம்பரு எங்கடா போச்சு?"

"நான் எண்ணெய் மட்டுந்தாண்ணே போட்டேன். இவதான் அண்டா வெளக்குற மாதிரி செங்கப்பொடியப் போட்டுத் தேச்சுப்புட்டா" என்று அப்பா அம்மாவைக் கைகாட்டினார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்து, "தெரியாமச் செஞ்சுப்புட்டேன்" என்றாள். நான் வாயைத் திறந்தேன். அவள் விரல்கள் என் தோளில் நகம் பதிய இறங்கின.

ஏன் பழியை ஏற்றாள் என்று பிறகு அம்மாவிடம் கேட்டேன். "ஒங்கப்பா அவுக அண்ணன் முன்னாடி நிமுந்து நிக்கணும்ல. எனக்கென்ன, நின்னா என்ன, ஒக்காந்தா என்ன" என்றாள்.

நிற்கவும் விடவில்லை, உட்காரவும் விடவில்லை. கல்யாண வீடுகளில் பெரியம்மா பந்தி நடக்கும் இடத்திலிருந்தே குரல் கொடுப்பாள்: "வாங்க, துப்பாக்கி வெளக்குனவுகளே! அந்த அண்டாவத் தொட்டுறாதீக, ஓட்டையாயிரும்!" கூடமே சிரிக்கும், அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். முதலில் அம்மாவும் சிரித்தாள். பிறகு கல்யாணங்களுக்குப் போவதையே விட்டுவிட்டாள். திமிர் பிடித்தவள் என்ற பேரும் சேர்ந்துகொண்டது.

அவள் செத்த அன்று, பாடை கட்டிக்கொண்டிருக்கையில், யாரோ ஒரு புது மருமகளுக்கு அந்தக் கதையைப் பெரியம்மா சொன்னாள். அப்பா துண்டால் கண்ணைத் துடைத்தபடியே லேசாகச் சிரித்தார். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது, அடக்க ஒரு கையும் தோளில் இல்லை. அப்போதும் சொல்லவில்லை.

இன்று பெரியப்பா இல்லை, பெரியம்மா இல்லை, மரியாதையெல்லாம் குறையாமல் அப்பாவும் போய்விட்டார். வீடு இருந்த இடத்தில் இரும்புக் கம்பி விற்கிறார்கள். யாரிடம் சொன்னால் அம்மாவின் பழி தீர்ந்திருக்குமோ அவர்களில் ஒருவர்கூட மிச்சமில்லை. ஆகையால், அவளை அறியாத உங்களிடம் சொல்கிறேன்: அம்மா அந்தத் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை.