மாப்பிள்ளை கேட்ட ஹார்டு டிஸ்க்

அத்தையின் கல்யாண வீடியோவை ஒரு துண்டும் வெட்டாமல், முழுசாக ஹார்டு டிஸ்கில் போட்டுத் தரச் சொல்லி மாமா கேட்டுவிட்டார். புனேயில் யாரோ பெரிய ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்து அழகாக்கிக்கொள்வாராம். விருத்தாசலத்தில் கல்யாண வீடியோ எடுத்தே பிழைத்துக்கொண்டிருந்த சித்தப்பாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் புது மாப்பிள்ளை வாய் திறந்து கேட்டதை எங்கள் வீட்டில் யாரும் மறுக்க முடியாது. மறுநாள் மதிய ரயிலில் அவரும் அத்தையும் புனேவுக்குப் புறப்பட வேண்டும்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. டிஸ்க் வாங்கப் பாண்டிச்சேரிக்குப் போன சித்தப்பா, கடையிலிருந்தே அப்பாவுக்குப் போன் செய்தார். இரண்டு வகை இருக்கிறதாம். ஒன்று வெறும் யுஎஸ்பி. விலை குறைவு, ஆனால் எங்கள் பழைய கம்ப்யூட்டரில் அது நத்தையாக ஊரும். இன்னொன்றில் ஃபயர்வயர் என்ற இணைப்பும் உண்டு. கேமராவுக்காக அதைச் செருகும் இடம் எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்தது. அரை மணி நேரத்தில் வேலை முடியும், விலைதான் ஒன்றரை மடங்கு.

அப்பா செராமிக் கம்பெனியில் சூளை பார்ப்பவர். எதைக் கேட்டாலும் சூளை வழியாகத்தான் யோசிப்பார்.

“தீய சட்டுனு ஏத்தினா பொம்மையெல்லாம் வெடிச்சிடும்டா. மெதுவா போனாதான் உள்ள இருக்கிறது பத்திரமா இருக்கும். கம்மி வெலையே வாங்கியா” என்று போனை வைத்துவிட்டார்.

காலை ஆறு மணிக்குச் சித்தப்பா டிஸ்கைச் செருகினார். ஐந்து மணி நேரம் ஆகும் என்றது திரை. பதினோரு மணிக்கு முடிந்தாலும் ஒரு மணி ரயிலைப் பிடித்துவிடலாம். நான் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டேன். மாதா கோயில், சாமியார், அத்தையின் வெள்ளைப் புடவை, பாட்டுப் பாடியவர்கள் எல்லாரும் அந்த மெல்லிய வயருக்குள் வரிசையாகப் போகிறார்களா, கூட்டமாகப் போகிறார்களா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். வயரைத் தொட்டுப் பார்த்தேன். அப்பாவும் வந்து தொட்டுப் பார்த்து, சூடு ஏறவில்லை என்று திருப்தியாகப் போனார். அத்தை மட்டும் கதவோரம் வந்து வந்து, “இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?” என்று கேட்டாள். நான் சொல்லும் நேரம் கூடியிருந்தால் அவள் முகம் தெளிந்தது, குறைந்திருந்தால் வாடியது. எனக்கு வேடிக்கையாக இருந்தது.

ஒன்பது மணிக்கு இட்லி சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், பாதிக்கு மேல் நிறைந்திருந்த பச்சைக் கோடு முதலிலிருந்து தொடங்கியிருந்தது. நாற்காலியில் அத்தை.

“கரண்டு போயிட்டு வந்துச்சுடி” என்றாள்.

சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். இனி இரண்டு மணிக்கு முன்னால் முடியாது. மாமாவுக்கோ லீவு முடிந்துவிட்டது. அவர் தனியாக ரயிலேறினார். டிஸ்கை எடுத்துக்கொண்டு மூன்று நாள் கழித்து அத்தை சித்தப்பாவோடு போவது என்று முடிவானது.

எனக்கு ஒன்று மட்டும் இடித்தது. நான் இட்லி தின்ற நேரமெல்லாம் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அப்பா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை.

“கரண்டு போச்சு. நீதான் கவனிக்கல” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது.

“கவலப்படாத அத்த. அடுத்த கல்யாணத்துக்கு வேகமான வயரே வாங்கச் சொல்லிடுறேன்” என்றேன்.

அத்தை சிரித்தாள். சிரித்தபடியே என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். என் தோள் நனைந்தது. ரயிலைத் தவறவிட்டதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். நாலு காசு மிச்சம் பிடிக்கப் பார்த்த அப்பாவின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.