மாமியார் நட்ட சீனத் தட்டி

எங்கள் வீட்டுச் சீனத் தட்டியில் இருக்கும் மான்களுக்குக் கால் கிடையாது. வருகிறவர்கள் குனிந்து பார்த்து, "பாதமெல்லாம் அழிஞ்சிபோச்சா?" என்று கேட்பார்கள். தானாக அழியவில்லை. என் மாமியார் நீலாம்பாள் அதை மண்ணில் நட்டுவிட்டாள். நடவுக்காரிக்குக் கையில் எது கிடைத்தாலும் நடத்தான் தோன்றும்.

அந்தத் தட்டி வீட்டுக்குள் வந்ததற்குக் காரணம் நான்தான். அதைப் பெருமையாகவே சொல்வேன்.

எனக்குப் பெயர் காத்தாயி. எழுபதுகளின் தொடக்கத்தில், கழக ஆட்சி நில உச்சவரம்பைக் குறைத்து, பண்ணைக்காரர்கள் வயலை யார் யார் பெயருக்கோ மாற்றி எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு ஊர். பையன் பெயர் இராஜாங்கம். ஒரே பிள்ளை, குடிக்க மாட்டான், செங்கொடிச் சங்கத்தில் இருக்கிறான் என்று அப்பா அடுக்கிக்கொண்டே போனார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அந்த வீட்டுல தடுப்பு இருக்கா?"

அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. எங்கள் ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தது. கூலிக்காரன் மகளுக்கு அறை கேட்கிறதாம்! சிரித்தவர்கள் சிரிக்கட்டும். என் அக்காவை ஒரே அறை வீட்டில்தான் கட்டிக்கொடுத்தார்கள். மாமனார், மாமியார், கொழுந்தன்மார், நாத்தனார் எல்லாரும் வரிசையாகப் படுக்கும் வீடு. வருஷம் திரும்பி அக்கா வந்தபோது அவளுக்குக் குரலே இல்லை. கட்டினவனிடம் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிப் பழகி, எங்களிடமும் அப்படியே பேசினாள். அதைப் பார்த்த பிறகு நான் எப்படிச் சும்மா இருப்பேன்? தடுப்பு இல்லையென்றால் கல்யாணம் இல்லை. கீற்றுத் தட்டியும் ஆகாது, அதில் ஆயிரம் ஓட்டை என்று சேர்த்தே சொல்லியனுப்பினேன்.

இன்னொரு மாமியாராக இருந்தால் எங்கள் குடும்பத்தையே திட்டித் தீர்த்திருப்பாள். நீலாம்பாள் வெற்றிலையை மென்றபடி, "அந்தப் பொண்ணு கேட்டது ஞாயந்தான். மாசி வரைக்கும் தவணை குடுக்கச் சொல்லுங்க" என்றாளாம். அந்த ஒரு பதிலுக்காகவே நான் அவளை அப்போதே பாதி ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். விவரம் தெரிந்த நாள் முதல் சேற்றில் நின்றவள். ஊர் நடவு ஆட்களுக்கு அவள்தான் தலைமை. குரல் என்றால் அப்படி ஒரு குரல். கிழக்கு வாய்க்காலில் நின்று பேசினால் மேற்குக் களத்தில் இருப்பவன் பதில் சொல்வான். சங்கம் கூலி உயர்வு கேட்ட வருஷம், பாதி வயல் நட்டிருக்கும்போது "ஏறுங்கடி கரைக்கு" என்று ஒரு சத்தம் போட்டாளாம், அத்தனை பெண்களும் ஏறிவிட்டார்கள். பண்ணையாரை "ஆண்டே" என்று கூப்பிடுவதை நிறுத்தி, "'அய்யா'ன்னு கூப்புட்டாப் போதும்" என்று முடிவு கட்டியதும் அவள்தான். மாமனார் வீரையன் இதற்கு நேர்மாறு. கேட்டதற்குப் பதில் சொல்வார், அதுவும் பாதிதான்.

குடியிருப்பு மனைக்குப் பட்டா அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. மனை சொந்தம், வீடு குறுகல். நடுவில் மண்சுவர் வைத்தால் சுவரே முக்கால் முழத்தைத் தின்றுவிடும். மெல்லிசாக, ஓட்டையில்லாமல், ஆள் உயரத்துக்கு ஒரு தடுப்பு வேண்டும். அத்தை ஒரு மாதம் இதே நினைப்பாகத் திரிந்தாளாம். திரிந்தவள் கண்ணில் பெரிய பண்ணை ரெங்கசாமியின் வண்டிக் கொட்டகையில் கிடந்த தட்டி பட்டது.

ரெங்கசாமியின் அப்பா பினாங்கில் கடை வைத்திருந்தவர். நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கியபோது கூடவே கொண்டுவந்தது அது. மடிப்பு மடிப்பாக ஆறு பலகை. கறுப்பு அரக்குப் பூச்சு, அதன்மேல் தங்க வண்ணத்தில் கொக்குகள், முதுகு வளைந்த பாலம், குடை பிடித்த பெண்கள், கிளிஞ்சல் பதித்த பூக்கள். நடுப்பலகையில் பூசணிக்காய் போல நெற்றி புடைத்த ஒரு தாடிக்காரர், அவரைச் சுற்றிப் புள்ளி மான்கள். மூலையில் நாலு வரி சீன எழுத்தும் ஒரு சிவப்பு முத்திரையும். முன்பு பண்ணை வீட்டுக் கூடத்தில் நின்றதுதான். புது மருமகள் வந்து இரும்பு பீரோவும் பிளாஸ்டிக் ஒயர் பின்னிய நாற்காலியும் வாங்கிப் போட்டதும், தட்டி கொட்டகைக்குப் போய், கோழிகள் அதில் ஏறி அடைந்துகொண்டிருந்தன.

கேட்டால் கொடுப்பாரா? சங்கத்துக்காரி கேட்டால் கோழிக்கு இருக்கட்டும் என்பார். அத்தை சம்பா நடவு வரைக்கும் காத்திருந்தாள். நடவு நாளில் வயலுக்கு வரும் ஆம்பிளையைப் பெண்கள் வரப்பில் மறித்து, காலடியில் ஒரு நாற்றுக் கட்டை, அதாவது முடியை, வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். முடியைத் தாண்டக் கூடாது. ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கொடுக்காமல் தாண்டிப் போகிறவனை அறுவடை வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ரெங்கசாமி குடையோடு வந்தார். அத்தை முடியை வைத்தாள். அவர் சட்டைப் பையில் கையை விட்டார்.

"காசு வேணாங்கய்யா. வண்டிக் கொட்டாயில கோழி அடையுதே, அந்தத் தட்டியக் குடுங்க."

"அந்தக் குப்பையா? எடுத்துக்கிட்டுப் போ. எனக்கும் எடம் ஆகும்" என்று சிரித்துக்கொண்டே முடியைத் தாண்டினார்.

அன்று பொழுது சாய்வதற்குள் தட்டி அந்த ஊர்த் தெருவில் ஊர்வலம் போயிற்று. அத்தை அதைச் சீயக்காய் போட்டுக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி, மடியில் போட்டு வளர்த்த பிள்ளையைப் போலத் துடைத்தெடுத்தாள். தெருவே வந்து பார்த்தது. நெற்றி புடைத்தவரை யாரோ சித்தர் என்று சொல்ல, ஒருத்தி சூடம் கொளுத்தவே கொண்டுவந்துவிட்டாள். அத்தைதான் தடுத்தாள்.

"எண்ணெ தடவியிருக்குடி, பத்திக்கும்!"

பிறகுதான் அந்தக் கூத்து. மடிப்புத் தட்டி தானாகவே நிற்கும் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் கண்ட தட்டி எல்லாம் குழி வெட்டி ஊன்றுகிற தட்டி. கரையான் ஏறாமலிருக்க அடியில் தார் பூசி, தரையில் நெளிநெளியாகக் குழி வெட்டி, ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கி, மண்ணைப் போட்டு உலக்கையால் கெட்டித்து, மேலே சாணி மெழுகிவிட்டாள். மான்கள் முழங்கால் வரை மண்ணுக்குள் போயின. குடை பிடித்த பெண்கள் சேற்றில் நடவுக்கு இறங்கியவர்கள் மாதிரி நின்றார்கள். அத்தைக்குப் பரம திருப்தி.

ஐப்பசியில் வீடு பார்க்க எங்களை வரச் சொன்னார்கள். பெண் போகிற வழக்கமில்லை. கேட்டது நான், பார்க்க வேண்டியதும் நான் என்று அப்பாவுடன் கிளம்பிவிட்டேன். போய்ச் சேர்ந்தால் வாசலில் போலீஸ்.

வேறொரு விசாரணைக்காக மாமாவைத் தேடி வந்த போலீஸ்காரர் ஒருவர் உள்ளே நுழைந்து தட்டிக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்திருக்கிறார். சீனாவின் பெயரைச் சொல்லிச் சுவர்களில் எழுதுகிறவர்களைத் தேடிப் போலீஸ் அலைந்த காலம் அது. செங்கொடிக்காரி வீடு, உள்ளே சீன எழுத்து, சிவப்பு முத்திரை! அவர் ஓடிப்போய் சப்-இன்ஸ்பெக்டரையே கூட்டிவந்துவிட்டார்.

அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். "வா, போயிடலாம்."

நான் நகரவில்லை. எனக்காக வந்த தடுப்பை என் கண்ணெதிரிலேயே கொண்டுபோனால், இந்தக் கல்யாணமும் அதோடு போய்விடும். அது அத்தைக்கும் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்தாள், சப்-இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள்.

"என்னம்மா இது? எந்தக் கட்சிக்காரன் குடுத்தான்?"

"செவுருங்க."

"சீனா எழுத்து இருக்கே?"

"செவுத்துல எழுத்து இருந்தா என்னங்க? தெருவுல எந்தச் செவுத்துல எழுத்து இல்ல?"

இரண்டு போலீஸ்காரர்கள் தட்டியைத் தூக்கப் பார்த்தார்கள். அசையவில்லை. முக்கினார்கள், பல்லைக் கடித்தார்கள். அத்தை நட்டது அப்படி நகருமா? "பட்டா மனையில உள்ள செவுருங்க. வேணும்னா வீட்டோட பேத்துக்குங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா என்னைக் கிள்ளினார்.

கடைசியில் இது பண்ணை வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்து, ரெங்கசாமிக்கு ஆள் போனது. அதுதான் ஆபத்து. அவருடைய உபரி நிலத்தைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லிச் சங்கம் அந்த மாதம்தான் தாசில்தாரிடம் மனு கொடுத்திருந்தது. அதில் முதல் கைநாட்டு அத்தையுடையது. "என்னுடையது இல்லை" என்று அவர் சொன்னால் தட்டி சீனாவுடையதாகிவிடும். "என்னுடையது, எப்படிப் போனதென்று தெரியாது" என்றால் திருட்டு.

ரெங்கசாமி வந்தார். தட்டியின் ஓரமாகப் போய்ப் படப் பக்கத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். எண்ணெய் குடித்த கறுப்பில் தங்கக் கொக்குகள் பளபளத்தன. தன் வீட்டில் இருந்தவரை அதை அவர் ஒரு நாளும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார். முகத்தில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது.

"எங்கப்பா பினாங்குலேருந்து கொண்டாந்தது" என்றார் மெதுவாக.

"அப்ப, உங்களக் கேக்காம எடுத்துட்டாங்களா?"

அவர் கண்ணைத் தட்டியிலிருந்து எடுக்காமல் யோசித்தார். அத்தை ஓரடி முன்னால் வந்தாள்.

"அய்யா, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. அன்னிக்கு நாத்து முடிக்குக் குடுத்துட்டுத் தாண்டினீங்களா, குடுக்காமத் தாண்டினீங்களா?"

வாசலில் நடவு ஆட்கள் அத்தனை பேரும் வந்து நின்றிருந்தார்கள். ரெங்கசாமியின் இரண்டாம் போகத் தாளடி நாற்றங்காலிலிருந்து நேராக வந்தவர்கள், முழங்கால் வரை சேறு. நாற்றைப் பறித்து முடி கட்டி வைத்தாகிவிட்டது, நாளை நட்டே ஆக வேண்டும். அவர்களில் கண்ணாத்தாள் என்பவள் யாரையும் பார்க்காமல், வானத்தைப் பார்த்து, "குடுக்காமத் தாண்டுனவரு வயல்ல நாளைக்கு யாருடி எறங்குறது?" என்று கேட்டாள்.

ரெங்கசாமி அவர்களைப் பார்த்தார். தட்டியை இன்னொரு முறை பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"குடுத்துட்டுத்தான் தாண்டினேன். நாத்து முடிக்குக் குடுத்தது, சார். அந்த எழுத்து ஏதோ வாழ்த்துன்னு எங்கப்பா சொல்லுவாரு."

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். போலீஸ்காரர்கள் கையில் ஒட்டிய தேங்காய் எண்ணெயைச் சட்டையில் துடைத்துக்கொண்டே போனார்கள்.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் உள்ளே நுழைந்து தட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். படம் போட்ட பக்கத்தை அத்தை எங்களுக்காக உள்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். தாடிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஓட்டை இருக்கிறதா என்று கீழே மேலே தேடினேன். ஒன்றுகூட இல்லை.

"நான் பேசுறது கேக்குதா?" என்று அங்கிருந்தே கேட்டேன்.

"கேக்குதும்மா. ஆளத்தான் மறைக்கும், காத மறைக்குமா? நாங்க கேக்காத மாதிரி இருந்துக்குறோம்" என்றாள் அத்தை.

மாசியில் கல்யாணம் ஆயிற்று. மடிப்புகளின் எங்கள் பக்கத்துப் பள்ளங்களில் ஒன்றில் என் டிரங்குப் பெட்டி, ஒன்றில் விளக்கு. அவர்கள் பக்கத்தில் பானைகள், அரிவாள், சுருட்டி வைத்த சங்கக் கொடி. அக்கா வந்து பார்த்துவிட்டுப் பலகையைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றாள். பின்னாளில் காரை வீடு கட்டியபோது தோண்டி எடுத்தோம், அப்போதுதான் மான்களின் கால் போனது தெரிந்தது. அத்தை அதற்குள் ரெங்கசாமியின் உபரி நிலத்தில் ஒரு துண்டு வாங்கித் தன் வயலில் தானே நடவு நட்டாள். அப்போதும் அதே குரல்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது கல்யாணமான முதல் பங்குனி. அறுவடை முடிந்து வேலையில்லாத ஒரு மத்தியானம். ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வந்தேன். உள்ளே யாரோ பேசுகிற சத்தம். பெண் குரல், மிகவும் சன்னமாக. யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். வாசலருகே வந்த பிறகுதான் அது அத்தை என்று தெரிந்தது. மாமாவும் அவளும் தட்டிக்குப் பின்னால், எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் வாக்கப்பட்டு வந்தப்ப இந்த வீட்டுல எத்தன பேரு! அப்புறம் புள்ள வந்துட்டான். உங்ககிட்ட நான் பேசுனதெல்லாம் வயல்லதான். நீங்க அந்த வரப்பு, நான் இந்த வரப்பு. கத்திக் கத்தியே தொண்ட இப்படி ஆயிடிச்சு" என்றாள். பிறகு, "மெல்லமா பேசுறேன். கேக்குதா?" என்று கேட்டாள்.

"கேக்குது. பேசு" என்றார் மாமா.

தலையில் புல்லுக்கட்டோடு சத்தமில்லாமல் திரும்பி, ஆட்டைப் பார்க்கப் போய்விட்டேன்.