பரணில் ஏறிய கண்ணாடிக் குழாய்கள்

அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் என் கணவர் ஆராய்ச்சியை விட்டிருப்பாரா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

அப்போது அவர் காரைக்குடியில் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு, அதாவது காந்தத்தின் நடுவே வைத்து ஒரு பொருளின் அணுக்களை அறியும் முறை பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்கான கருவி பெங்களூரில்தான் இருந்தது. அங்கே கொண்டுபோக, ஒரு வருஷம் உழைத்துத் தயாரித்த பொருளை மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, சூடு படாமலிருக்கத் தண்ணீர்ப் பானையடி ஈரமணலில் வைத்திருந்தார். தவழும் மகள் உடைத்துவிடுவாளோ என்று பயந்து நான் அவற்றைப் பரணில் ஏற்றிவிட்டேன். சித்திரை வெயிலில் ஓடு கொதித்தது. மாலையில் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. அவர் வருமுன் மணலிலேயே திரும்ப வைத்தேன்.

மறுநாள் அவற்றை எடுத்துக்கொண்டு பெங்களூர் போய்த் திரும்பி வந்தவரிடம், "போன காரியம் என்னாச்சு? சாப்பிடுறீகளா?" என்றேன்.

"எல்லாம் கெட்டுப்போச்சு. நீ பத்திரமாத்தான் வச்சிருந்த. நான் செஞ்ச முறைதான் தப்பு."

நான் சோறு போட்டேன்.

அடுத்த மாதமே பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தார். மகள் இப்போது அவர் வகுப்பில் படிக்கிறாள். இனிமேல் சொன்னால் ஆறுதல் அவருக்கா, எனக்கு மட்டுமா? நீங்களாவது சொல்லுங்கள்.